ஹெரால்டின் ரேடியேட்டரைக் கழற்றும் முறை

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் ரேடியேட்டரைக் கழற்ற ஒர்க்‌ஷாப் தேவையில்லை. சமதளமான ஒரு முற்றம், மேலே ஒரு கூரை, கையளவு கருவிகள், அரை நாள் பொழுது, இவை போதும். வண்டி கட்டப்பட்ட விதமே இதற்குக் காரணம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1950-களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரயம்ஃப் நிறுவனத்துக்குக் கார் உடல்களைச் செய்துகொடுத்து வந்தது ஃபிஷர் அண்டு லட்லோ என்ற தொழிற்சாலை. அதைப் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953-இல் வாங்கிவிட்டது. சட்டகமும் உடலும் ஒன்றாகப் பற்றவைத்த கூட்டைச் செய்துதர ஆள் கிடைக்காத நிலையில், தனிச் சட்டகம் ஒன்றைச் செய்து அதன்மேல் உடலைப் பகுதி பகுதியாகப் போல்ட்டால் பூட்டும் முறைக்கு ஸ்டாண்டர்டு-டிரயம்ஃப் திரும்பியது. இத்தாலியின் தூரின் நகரத்தைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கலோட்டி வடிவம் தந்தார். 1959-இல் டிரயம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. 948 சி.சி. எஞ்சின், நான்கு சிலிண்டர். பாகங்களாக வந்து இறங்கி இங்கே பூட்டப்படுவதற்கு அந்தப் போல்ட்டுக் கட்டுமானம் மிகவும் பொருந்தியது.

இதே சட்டகத்தைக் குறுக்கித்தான் 1962-இல் இருவர் அமரும் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஹெரால்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயரில் 83 அங்குலம். முன்பக்கம் முழுதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும் பானெட் இரண்டுக்கும் பொது. ஆகவே ஹெரால்டில் இந்த வேலையைப் பழகியவர் ஸ்பிட்ஃபயரிலும் தயங்காமல் கைவைக்கலாம்.

குமரி மாவட்டத்தில் பழைய வண்டி வைத்திருப்பவருக்கு ரேடியேட்டர் அடிக்கடி கவனம் கேட்கும் உறுப்பு. கடல் எங்கிருந்தும் தொலைவில் இல்லை. குளச்சல், முட்டம் பக்கம் வெளியில் நிற்கும் வண்டிகளில் செம்புத் தகடுகள் பச்சை பூத்து, விரல் பட்டாலே உதிர்கின்றன. உள்ளே வேறொரு கேடு நடக்கிறது. கரையோரத்து ஆழ்துளைக் கிணறுகளின் உவர்நீரையும் கடினநீரையும் ஆண்டுக்கணக்கில் ஊற்றியதால் குழாய்களின் உட்சுவரில் சுண்ணப் படிவு ஏறுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து வீசும் காற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் போகும் வண்டிக்கு முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று முதுகுப்புறமாக வருகிறது. ரேடியேட்டரின் முகத்தில் மோதவேண்டிய காற்றின் வேகம் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. நல்ல ரேடியேட்டர் இதைத் தாங்கும். பாதி அடைத்தது அங்கே வெப்பமானியின் முள்ளை ஏற்றிக் காட்டிவிடும்.

கழற்றவேண்டிய அறிகுறிகள் தெளிவானவை. மேல்தொட்டியும் குழாய்களும் சேரும் இடத்தில் வெள்ளை அல்லது பச்சைக் கறை, இரவெல்லாம் நின்ற வண்டியின் கீழே ஈரம், சீரான சாலையிலும் முள் மேலேறுதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் கழற்றிப் பார்ப்பது நல்லது. கசிவை அடைக்கும் பொடியை உள்ளே கொட்டுவதை நான் ஏற்பதில்லை. அது ஓட்டையை அடைக்கும்போதே நல்ல குழாய்களையும் அடைக்கிறது.

வேலை முந்தின நாள் மாலையில் தொடங்குகிறது. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதே முதல் முடிவு. பானெட் முன்னோக்கிக் கவிழ்வதால் வண்டியின் மூக்கைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் அது முழுதாகத் திறக்காது. முன்னால் 1.5 மீட்டராவது வெற்றிடம் தேவை. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் என்பதால் வீட்டை ஒட்டிய சாய்ப்பின் கீழ் நிறுத்துவது நல்லது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கவேண்டும். பிறகு ரேடியேட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் மேல் துருவிளக்கும் எண்ணெய் விடவேண்டும். கடையில் டப்பாவில் கிடைப்பதும் சரி, மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் சம அளவில் கலந்ததும் சரி. கம்பித் தூரிகையால் திருகுமரையின் வெளித்தெரியும் பகுதியைத் தேய்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து சொட்டு. இரவு முழுதும் அது ஊறட்டும். மறுநாள் ஒரு மணி நேரப் போராட்டத்தை இந்தச் சில சொட்டுகள் தவிர்க்கின்றன.

கருவிகளில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்லவேண்டும். இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. ரேடியேட்டரைச் சுற்றி அதிகம் வருபவை 1/4 அங்குலமும் 5/16 அங்குலமும். முன்னதன் தலைக்கு 7/16 ஸ்பானர், பின்னதற்கு 1/2 அங்குல ஸ்பானர். இன்று எந்த வீட்டிலும் இருப்பது மில்லிமீட்டர் ஸ்பானர். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 ஸ்பானர் போட்டால் உட்கார்ந்தது போலத் தோன்றும்; துருப்பிடித்த போல்ட்டில் அழுத்தம் கொடுத்தவுடன் அந்த 0.3 மில்லிமீட்டர் தளர்வு அறுகோணத் தலையின் மூலைகளை வழித்துவிடும். 7/16 என்பது 11.1 மில்லிமீட்டர். அதற்கு 11 ஸ்பானர் சரியாக ஏறாது, 12 நழுவும். அங்குல ஸ்பானர் செட் ஒன்றை வாங்கிய பிறகே இந்த வண்டியில் கைவைக்கவேண்டும். வளையமுனை ஸ்பானர் ஒன்றும் திறந்தமுனை ஸ்பானர் ஒன்றுமாக இருந்தால் போல்ட்டையும் பின்னாலுள்ள நட்டையும் ஒருசேரப் பிடிக்க வசதி.

மற்றவை எளியவை: அகலமான திருப்புளி, குறடு, கூரிய கத்தி, 8 லிட்டர் கொள்ளும் தாழ்வான பிளாஸ்டிக் பேசின், அளவு குறித்த ஜாடி, பழந்துணி, அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய கெட்டி அட்டை இரண்டு, போல்ட்டுகளைப் போட்டுவைக்கச் சிறு டப்பாக்கள், சாக்குக்கட்டி. ரேடியேட்டரைக் கிடத்த ஒரு பாயோ மடித்த சாக்கோ வேண்டும். சிமென்ட் தரையில் நேரடியாக வைத்தால் செம்புத் தகடுகள் மடங்கும்.

காலையில் எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும். முந்தின நாளே வேலையைத் தொடங்காமல் இரவைக் கடத்தியதன் இரண்டாவது பயன் இது. அன்றே ஓட்டிவந்த வண்டி என்றால் இரண்டு மணி நேரமாவது காத்திருந்து, மேல்தொட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு தெரியவில்லை என்று உறுதி செய்த பிறகே மூடியைத் தொடவேண்டும். மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. 7 என்று பொறித்த மூடி, சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் வரை தாங்கி, நீரின் கொதிநிலையை 100 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 111 டிகிரிக்கு உயர்த்துகிறது. அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே கணத்தில் விலகி, நீர் அங்கேயே கொதித்து முகத்துக்குப் பாயும்.

பானெட்டைத் திறப்பது அடுத்தது. முன்கதவுகளுக்கு முன்னால் இருபுறமும் உள்ள கொக்கிப் பூட்டுகளை விடுவித்து, கண்ணாடிப் பக்கத்து விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் மட்கார்டுகளும் முன்விளக்குகளும் கிரில்லுமாக மொத்த முன்பகுதியும் எழுந்து முன்னால் சாய்கிறது. தாங்குகம்பி சரியாக விழுந்து பூட்டிக்கொண்டதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொள்ளவேண்டும். இப்போது எஞ்சின், முன்சக்கரங்கள், ஸ்டியரிங், ரேடியேட்டர் எல்லாம் மூன்று பக்கமும் திறந்து நிற்கின்றன. முன்சக்கரத்தின் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். மெக்கானிக்கின் முதுகை இந்த அளவுக்கு நினைத்துச் செய்த கார்கள் மிகக் குறைவு.

பேட்டரி எஞ்சினுக்குப் பின்னால், உள்ளறையைப் பிரிக்கும் தகட்டுச் சுவரை ஒட்டிய மேடையில் இருக்கிறது. உடலோடு இணைந்த கம்பியை முதலில் கழற்றவேண்டும். இந்தத் தலைமுறை வண்டிகளில் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும் என்பதால், பழக்கத்தில் எதிர்முனையைத் தேடிப் போகாமல் கம்பி எங்கே போய் முடிகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து பார்த்துவிட்டுக் கழற்றுவதே சரி.

எதையும் அசைக்கும் முன் கைப்பேசியில் நான்கைந்து படங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஹோஸ்களின் வளைவு, கிளிப்புகளின் திருகு எந்தப் பக்கம் பார்க்கிறது, வாஷர்கள் போல்ட்டுத் தலையின் கீழா நட்டின் கீழா, இவைதான் திரும்பப் பூட்டும்போது சந்தேகம் தருபவை. ரேடியேட்டரின் பக்கத்தகடு தாங்கியில் உட்காரும் விளிம்பைச் சாக்குக்கட்டியால் கோடிட்டுக்கொண்டால், பின்னர் அதே இடத்தில் நிறுத்த எளிது.

நீரை வடிக்கும் வேலைக்குப் பொறுமை வேண்டும். பேசினை ரேடியேட்டரின் கீழ் தள்ளிவைத்து, முதலில் மேல்மூடியைத் திறக்கவேண்டும். மேலே காற்றுப் புக வழியில்லாவிட்டால் கீழே நீர் தயங்கித் தயங்கித்தான் வரும். கீழ்த்தொட்டியின் அடியில் உள்ள வடிகுழாய்த் திருகைக் கையாலோ குறடாலோ மெல்லத் திருப்பவேண்டும். நெடுநாள் தொடாதது இறுகியிருக்கும். அதை வலிந்து திருகினால், ஈயத்தால் பற்றவைத்த அதன் அடிப்பகுதி தொட்டியிலிருந்து பிய்ந்து வரும். அசையாவிட்டால் விட்டுவிட்டுக் கீழ் ஹோஸைத் தளர்த்தி அந்த வழியாகவே வடிக்கலாம். திருகு திறந்தும் நீர் வராவிட்டால் உள்ளே சேறு அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியை உள்ளே விட்டு ஒருமுறை குத்தினால் வழி கிடைக்கும்.

ரேடியேட்டர் வடிந்துவிட்டால் எஞ்சினும் வடிந்தது என்று பொருளில்லை. எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு வடிதிருகு உண்டு. அதையும் திறந்தால்தான் சிலிண்டர்களைச் சுற்றிய நீர் வெளியே வரும். இந்த வண்டிகளில் துருச்சேறு அதிகம் தங்குமிடமும் அதுவே. இரண்டிலிருந்தும் வந்த நீரை ஜாடியால் அளந்து குறித்துக்கொள்ளவேண்டும். முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 5 லிட்டர். மூன்றரை லிட்டர்தான் வந்தது என்றால், மீதி எங்கோ கசிந்து போயிருக்கிறது, அல்லது பிளாக்கில் அடைபட்டு நிற்கிறது.

வடித்த நீரை உடனே அப்புறப்படுத்தாமல் சிறிது நேரம் தெளியவைத்துப் பார்ப்பது பயனுள்ளது. செம்பழுப்பு நிறம் என்றால் எஞ்சினின் வார்ப்பிரும்பு துருப்பிடிக்கிறது, கூலன்ட் கலக்காமல் வெறும் நீரில் ஓடியிருக்கிறது. அடியில் வெண்மணல் போலப் படிந்தால் அது சுண்ணம். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கவலை ரேடியேட்டரைத் தாண்டி சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டுக்குப் போகிறது. பார்த்தபின், கூலன்ட் கலந்த நீராக இருந்தால் மூடியுள்ள கேனில் ஊற்றி வைக்கவேண்டும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. நாயும் பூனையும் நக்கிவிடும். முற்றத்தில் கிணறும், வேலிக்கு வெளியே வாய்க்காலும் உள்ள வீடுகளில் அதைத் தரையில் கொட்டுவது பெருந்தவறு.

ஹோஸ்கள் இரண்டு. மேல் ஹோஸ் எஞ்சினின் முன்பக்கம் உள்ள தெர்மோஸ்டாட் கூட்டிலிருந்து சூடான நீரை மேல்தொட்டிக்குக் கொண்டுவருகிறது. கீழ் ஹோஸ் குளிர்ந்த நீரைக் கீழ்த்தொட்டியிலிருந்து வாட்டர் பம்புக்குக் கொண்டுபோகிறது. கிளிப்பின் திருகைத் தளர்த்தி, கிளிப்பை ஹோஸின் நடுப்பகுதிக்குத் தள்ளிவிட வேண்டும். இப்போது ஹோஸை இழுக்கக்கூடாது, திருகவேண்டும். இரு கையாலும் பற்றி வலமும் இடமுமாகச் சிறிது சிறிதாகத் திருப்பினால் ரப்பர் பித்தளை வாயிலிருந்து பிடி விடும். பிடி விட்ட பிறகு இழுத்தால் தானே வரும்.

பல ஆண்டுகள் கழற்றாத ஹோஸ் இப்படி வராது. ரப்பர் பித்தளையோடு ஒட்டிப்போயிருக்கும். திருப்புளியை இடையில் செருகி நெம்புவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. பித்தளை வாய் மெல்லிய தகடு. அது தொட்டியோடு சேரும் இடம் வெறும் ஈயப் பற்று. நெம்புகையில் வாய் நசுங்கும், பற்று விரியும். அதற்குப் பதில் கத்தியால் ஹோஸை நீளவாட்டில், வாயின்மேல் உள்ள பகுதியை மட்டும், பித்தளையில் கீறல் விழாத ஆழத்தில் அறுத்து, உரித்து எடுப்பதே சரி. ஹோஸின் விலை ரேடியேட்டர்ப் பட்டறைக் கூலியை விடக் குறைவு. எப்படியும் அந்த ஹோஸ் மாற்றவேண்டியதே. மூடியின் கழுத்திலிருந்து இறங்கும் மெல்லிய வழிகுழாயையும் அதன் பிடியிலிருந்து விடுவித்துவிட்டால் நீர்வழி இணைப்புகள் எல்லாம் முடிந்தன.

அடுத்து ஃபேன். பெரும்பாலான பழைய கார்களில் ஃபேன் வாட்டர் பம்பின் முனையில், ரேடியேட்டரின் மேல்பாதிக்கு எதிரில் இருக்கும். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் அது கிராங்க் ஷாஃப்டின் முன்முனையிலேயே பூட்டப்பட்டு, தாழ்வாகச் சுழல்கிறது. எனவே தூக்கும்போது ரேடியேட்டரின் கீழ்ப்பாதி முழுவதும் இறக்கைகளின் முன்னால் நகர்ந்து மேலே வரவேண்டும். இடைவெளி மிகக் குறைவு. வெட்டிவைத்த அட்டையில் ஒன்றை இறக்கைகளுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இறக்கிவிடுவது இதற்குத்தான். இறக்கையின் முனை உரசினாலும் அட்டையில்தான் உரசும். இன்னொரு அட்டை முன்பக்கத்துக்கு.

இனி போல்ட்டுகள். ரேடியேட்டரின் இரு பக்கத் தகடுகளும் சட்டகத்திலிருந்து எழும் தாங்கிகளோடு பொதுவாகப் பக்கத்துக்கு இரண்டாகப் பூட்டப்பட்டிருக்கும். முதலில் எல்லாவற்றையும் அரைச்சுற்று தளர்த்தவேண்டும், எதையும் கழற்றக்கூடாது. இரவு ஊறிய எண்ணெயின் வேலை இப்போது தெரியும்: சிறு கிறீச்சென்ற ஒலியோடு போல்ட் விட்டுக்கொடுக்கும். விடாவிட்டால் தளர்த்தும் திசையிலேயே முழுப் பலத்தையும் போடாமல், முதலில் ஒரு மயிரிழை இறுக்கி, பிறகு தளர்த்தி, மீண்டும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக வழி உண்டாக்கவேண்டும். தீ வைத்துச் சூடாக்குவது இங்கே கூடாது. ஈயப் பற்று 183 டிகிரியிலிருந்தே இளகத் தொடங்கும்.

எல்லாம் தளர்ந்தபின் கீழ்ப் போல்ட்டுகள் முதலில், மேல் போல்ட்டுகள் கடைசியில். மேல் இரண்டும் இருக்கும்வரை ரேடியேட்டர் தன் இடத்தில் நேராகத் தொங்கும். வரிசையை மாற்றினால் அது எஞ்சின் பக்கம் சரிந்து ஃபேன்மேல் சாயும். தகட்டுக்கும் தாங்கிக்கும் இடையில் வாஷரோ ரப்பர் துண்டோ செருகப்பட்டிருக்கலாம். அவற்றை அந்தந்தப் போல்ட்டோடு சேர்த்தே தனித்தனி டப்பாவில் போடவேண்டும். சட்டகத்தின் சிறு கோணலைச் சரிக்கட்ட யாரோ ஒருவர் அளந்து வைத்தவை அவை. கலந்துவிட்டால் ரேடியேட்டர் திரும்பவும் இழுபட்டு நிற்கும், பற்றுகள் மீண்டும் விரியும்.

கடைசிப் போல்ட்டை எடுக்கும்போது ஒரு கை மேல்தொட்டியில் இருக்கட்டும். பிறகு இரு பக்கத் தகடுகளையும் பிடித்து, செங்குத்தாக மேலே. சாய்க்காமல், அசைக்காமல், கீழ்வாய் ஃபேனைத் தாண்டும்வரை ஒரே நேர்கோட்டில் தூக்கவேண்டும். பானெட் முன்னால் எழுந்து நிற்பதால் முன்பக்கம் ஆள் நிற்க இடமில்லை. சக்கரத்தின் பக்கமிருந்துதான் தூக்கமுடியும். இன்னொருவர் மறுபக்கம் நின்றால் நல்லது. வெளியே வந்ததும் பேசினின் மேல் சாய்த்துப் பிடித்தால் மிச்ச நீரும் சிறிது சேறும் இறங்கும். எஞ்சின் பக்கத்துத் திறந்த வாய்களில் சுத்தமான துணியைச் செருகிவிடவேண்டும்.

ரேடியேட்டர் போன இடம் வெறுமையாக நிற்கும் இந்த நேரம் அரிது. வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் நீர்க்கறை இருக்கிறதா, பம்பின் புல்லியை ஆட்டினால் ஆடுகிறதா, பெல்ட்டின் உட்புறத்தில் வெடிப்பு உண்டா, சட்டகத்தின் முன்குழாயில் துரு எவ்வளவு ஆழம் என்பவற்றை எல்லாம் இப்போதே பார்த்துவிடலாம். தெர்மோஸ்டாட்டையும் வெளியே எடுத்து, ஒரு பாத்திரத்து நீரில் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பார்க்கலாம். அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டி அது திறந்தால் நல்லது. நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று கழற்றி எறியும் வழக்கம் பரவலாக உண்டு. அதை நான் சரியென்று நினைக்கவில்லை. எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கு வராமல் ஓடினால் பெட்ரோலும் அதிகம் போகும், சிலிண்டரும் தேயும்.

பாயில் கிடத்திய ரேடியேட்டரை முதலில் வெளியே சுத்தம் செய்யவேண்டும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி, அதாவது காற்று போகும் திசைக்கு எதிராக, தோட்டக் குழாயின் மெல்லிய நீரை விட்டால் பூச்சியும் மண்ணும் வந்த வழியே வெளியேறும். வண்டி கழுவும் நிலையங்களின் வேகநீர் இதற்கு ஆகாது, தகடுகள் மடங்கிவிடும். மடங்கியவற்றை மெல்லிய தட்டைமுனைக் கருவியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம். உள்ளே சுத்தம் செய்வதும் எதிர்த்திசையில்தான்: கீழ்வாயில் குழாயைப் பொருத்தி, மேல்வாய் வழியே தெளிந்த நீர் வரும்வரை. சுண்ணப் படிவு இருந்தால், வெந்நீரில் லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து நிரப்பி, வாய்களை அடைத்து இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு வடித்து, நன்றாக அலசி, பிறகு சோடா உப்பு கரைத்த நீரால் ஒருமுறை அலசினால் புளிப்பு முறிந்துவிடும். கழற்றிய நிலையில் இதைச் செய்வதால் அந்தப் புளிப்பு எஞ்சினின் மற்ற உலோகங்களைத் தொடுவதில்லை.

கசிவைச் சோதிக்கத் துணி துவைக்கும் சிமென்ட் தொட்டி போதும். மூடியைப் பூட்டி, கீழ்வாயை ரப்பர் அடைப்பால் அடைத்து, மேல்வாய் அடைப்பில் ஒரு டியூப் வால்வைப் பொருத்தி, வழிகுழாயின் வாயையும் மூடி, ரேடியேட்டரை நீருக்குள் முழுதும் அமிழ்த்தவேண்டும். பிறகு சைக்கிள் பம்பால் காற்று. சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான்: குமிழி எழும் இடத்தில் ஓட்டை. அழுத்தம் மூடியில் பொறித்த எண்ணைத் தாண்டக்கூடாது. 7 என்றால் சதுர செ.மீ.க்கு அரைக் கிலோ. மானி பொருத்திய பம்பில் அது மிகச் சிறிய அளவு, இரண்டு மூன்று அழுத்திலேயே வந்துவிடும். குமிழி வந்த இடத்தைத் துடைத்து, சாணைக்கல்லோ ஆணியோ வைத்துக் கீறாமல், பெயின்டால் ஒரு புள்ளி இட்டுக்கொள்ளவேண்டும்.

இங்கிருந்து ரேடியேட்டர் பட்டறைக்குப் போகிறது. பித்தளைத் தொட்டி, பித்தளைக் குழாய், செம்புத் தகடு, ஈயப் பற்று என்று செய்த ரேடியேட்டரின் சிறப்பு இதுவே: அதன் எல்லா இணைப்புகளையும் பிரிக்கவும் சேர்க்கவும் முடியும். பட்டறைக்காரர் மேல்தொட்டியைச் சுற்றிச் சூடு காட்டிப் பற்றை இளக்கி எடுத்துவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பியை மேலிருந்து கீழ்வரை விட்டு அடைப்பை நீக்குவார். பழுதான குழாயை இரு முனையிலும் அடைத்துவிடலாம். தகடுகள் உதிர்ந்துபோனால் தொட்டிகளையும் பக்கத்தகடுகளையும் வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாகப் போடலாம். இன்றைய கார்களின் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ரேடியேட்டரில் இதற்கெல்லாம் இடமில்லை, உடைந்தால் மாற்றவேண்டியதுதான். பட்டறையிலிருந்து வந்ததும் தொட்டி நீரில் மீண்டும் ஒருமுறை சோதித்துவிட்டே வண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். நடுப்பகுதிக்குக் கறுப்பு வர்ணம் மெல்லிய ஒரு பூச்சுக்கு மேல் வேண்டாம். கெட்டியான வர்ணம் சூடு வெளியேறுவதைத் தடுக்கும்.

பூட்டுவது அதே வரிசையின் தலைகீழ். அட்டையை மறுபடியும் ஃபேன் முன் இறக்கி, ரேடியேட்டரை நேராக இறக்கி, மேல் போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகி, கீழ்ப் போல்ட்டுகளையும் விரலால் திருகி, சாக்குக்கட்டிக் கோட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே ஸ்பானர். துருப்பிடித்த போல்ட்டுக்குப் பதிலாகப் புதிது வாங்கும்போது 5/16 அங்குலத்துக்கு 8 மில்லிமீட்டரைக் கொடுத்துவிடுவார்கள். விட்டம் 7.94-க்கு 8 என்று ஒத்துப்போவது போல இருக்கும், இரண்டு மூன்று மரை ஏறவும் ஏறும். ஆனால் மரைகளின் இடைவெளி ஒன்றில் 1.06 மில்லிமீட்டர், மற்றதில் 1.25. மேலே திருகினால் நட்டின் மரை சிதைந்துவிடும். அங்குல போல்ட் என்று கேட்டு வாங்கவேண்டும். மரையில் சிறிது கிரீஸ் தடவிப் பூட்டினால் அடுத்த முறை கழற்றுபவருக்கு உதவி.

ஹோஸ்களைப் பொருத்தும் முன் பித்தளை வாய்களை மெல்லிய எமரித் தாளால் துடைத்து, நீரால் நனைத்து ஏற்றவேண்டும். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். கிளிப் வாயின் விளிம்புப் புடைப்புக்கு உட்புறமாக உட்காரவேண்டும். வடிதிருகுகள் இரண்டும் மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு நிரப்பத் தொடங்கலாம். நீருக்கு, இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை கூரையைக் கழுவிய பிறகு பிடித்து வடிகட்டிய நீரோ, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரோ ஏற்றது. இங்கே நீர் உறையும் அச்சம் இல்லை. கூலன்ட் வேண்டியிருப்பது துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும். சூட்டைச் சுமப்பதில் வெறும் நீரே மேலானது என்பதால் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும். 5 லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் லிட்டர். மெதுவாக ஊற்றி, இடையிடையே மேல் ஹோஸைக் கையால் அமுக்கிவிட்டால் சிக்கிய காற்று குமிழிகளாக வெளியேறும்.

அட்டையை எடுத்துவிட்டு, பேட்டரியை இணைத்து, மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிடவேண்டும். சில நிமிடங்களில் தெர்மோஸ்டாட் திறக்கும். மேல் ஹோஸ் திடீரென்று சூடாவதை விரலால் அறியலாம். அப்போது நீர்மட்டம் சட்டென்று இறங்கும். மீண்டும் ஊற்றிக் குழாய்களின் மேல்முனை மறையும் அளவுக்குக் கொண்டுவந்து, மேலே ஒரு விரற்கடை இடம் விட்டு மூடியைப் பூட்டலாம். நீர் விரிய அந்த இடம் தேவை. நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் போய்த் திரும்பும் ஓட்டம் முதல் சோதனைக்குப் போதும்.

மறுநாள் காலை, ஆறிய எஞ்சினில், இறங்கியிருக்கும் அளவுக்கு நீரைச் சேர்க்கவேண்டும். முதல் ஓட்டத்தில் மிச்சக் காற்று வெளியேறியதால் சிறிது இறங்குவது இயல்பு. சூட்டில் ரப்பர் படிந்திருக்கும் என்பதால் கிளிப்புகள் ஒவ்வொன்றும் இன்னும் கால்சுற்று ஏற்கும். போல்ட்டுகளை ஸ்பானரால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, அளந்து குறித்த நீரின் அளவையும் மாற்றிய ஹோஸ்களின் தேதியையும் வண்டியின் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகும் மட்டம் இறங்கவில்லை என்றால் அடுத்து மூடியைத் திறக்கவேண்டியது மாதத்துக்கு ஒருமுறைதான்.